இரண்டு சென்டிமீட்டர் ஆளுக்கு ஒரு கட்டடம்: ரயில் மாடலுக்குக் கட்டடம் செய்வதும் படமெடுப்பதும்

மாடல் ரயில் வாங்கியவர்கள் முதலில் தண்டவாளத்தைப் போட்டு இன்ஜினை ஓட்டிப் பார்ப்பார்கள். ரயில் சுற்றிச் சுற்றி வரும். நாலு நாள் போனதும் ஏதோ குறைகிறதே என்று தோன்றும். இந்த ரயில் எங்கிருந்து புறப்படுகிறது, யாருக்காக நிற்கிறது என்று சொல்ல அந்தப் பலகையில் எதுவும் இருக்காது. ஓரமாக ஒரு சின்னக் கொட்டகையை வைத்துப் பாருங்கள், அது ஊராகிவிடும்.

அந்த முதல் கொட்டகையைச் செய்து முடித்து, அதை நம்பும்படி ஒரு படம் எடுப்பதுவரை இங்கே எழுதியிருக்கிறேன். எனக்கு இதில் எல்லாவற்றுக்கும் அளவுகோல் ஒன்றுதான். எச்ஓ (HO) என்ற மாடல் ரயில் அளவில் ஒரு மனிதர் ஏறக்குறைய 2 சென்டிமீட்டர் உயரம். கதவு அவர் நுழைவதற்கு, படி அவர் ஏறுவதற்கு, ஜன்னல் அவர் எட்டிப் பார்ப்பதற்கு. கேமராவும் கடைசியில் அவர் கண் இருக்கும் இடத்துக்குத்தான் வரப்போகிறது. ஒரு மனித உருவத்தை வாங்கி வேலை செய்யும் மேசையில் எப்போதும் நிறுத்தி வையுங்கள். சந்தேகம் வரும்போதெல்லாம் அவரைக் கட்டடத்தின் பக்கத்தில் நிறுத்திப் பார்த்தால் பாதி பதில் கிடைத்துவிடும்.

முதலில் அளவு

உலகில் அதிகம் புழங்குவது எச்ஓ, அதாவது 87-இல் ஒரு பங்கு. பிரிட்டனில் ஓஓ என்ற 76-இல் ஒரு பங்கு அளவு பரவலாக இருக்கிறது. இரண்டும் ஓடுவது 16.5 மில்லிமீட்டர் அகலமுள்ள ஒரே தண்டவாளத்தில்தான். அதனால் புதிதாக வருபவர்கள் இரண்டும் ஒன்றே என்று நினைத்துக் கட்டடங்களைக் கலந்து வாங்கிவிடுகிறார்கள். பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒரு வீட்டுக் கதவு இன்னொரு வீட்டுக் கதவைவிட ஏழில் ஒரு பங்கு உயரமாக நிற்கும். இடம் குறைவாக இருப்பவர்கள் ‘என்’ (N) என்ற சின்ன அளவுக்குப் போகலாம். பெரும்பாலான நாடுகளில் அது 160-இல் ஒரு பங்கு, பிரிட்டனில் 148-இல் ஒரு பங்கு. நான் இங்கே சொல்லும் கணக்கெல்லாம் எச்ஓ அளவுக்கு. உங்கள் அளவு வேறு என்றால் 87-க்குப் பதில் உங்கள் எண்ணால் வகுத்துக்கொள்ளுங்கள்.

முதல் கட்டடமாகப் பெரிய ஸ்டேஷனைத் தொடாதீர்கள். தண்டவாள வேலையாட்கள் கருவிகளை வைத்து மழைக்கு ஒதுங்கும் ஓர் அறைக் கொட்டகை போதும். நான்கு சுவர், ஒரு கதவு, ஒரு ஜன்னல், ஒரு கூரை. பெரிய கட்டடத்தில் வரும் வேலை எல்லாமே இதில் ஒரு தடவை வந்துவிடும். கெட்டுப்போனாலும் இரண்டு மாலை நேரம்தான் போகும்.

உண்மையில் 4 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம், 2.5 மீட்டர் சுவர் உயரம் உள்ள கொட்டகை என்று வைத்துக்கொள்வோம். 87-ஆல் வகுத்தால் நீளம் 46 மில்லிமீட்டர், அகலம் 34.5, சுவர் உயரம் 28.7. இரண்டு மீட்டர் உயரக் கதவு 23 மில்லிமீட்டர் வரும். அகலம் 10 வைத்துக்கொள்ளுங்கள். உண்மையான ஒரு கட்டடத்தைப் பார்த்துச் செய்கிறீர்கள், ஆனால் அளக்க முடியவில்லை என்றால் அதை நேராக முன்னால் நின்று படமெடுங்கள். கதவின் உயரத்தை இரண்டு மீட்டர் என்று வைத்து மற்றதை ஒப்பிட்டுக் கணக்கிடலாம். செங்கல் தெரிகிற சுவராக இருந்தால் இன்னும் நல்லது. ஒரு மீட்டர் உயரத்தில் எத்தனை வரிசை இருக்கிறது என்று ஒரு தடவை எண்ணிவிட்டால், கூரைவரை உள்ள வரிசைகளை எண்ணி உயரத்தைச் சொல்லிவிடலாம்.

பெரிய கட்டடத்துக்கு வரும்போது ஒரு சிக்கல் காத்திருக்கும். 60 மீட்டர் நீளமுள்ள சரக்குக் கொட்டகை எச்ஓ அளவில் 69 சென்டிமீட்டர். பலருடைய பலகையில் பாதி அதற்கே போய்விடும். அப்போது மொத்தத்தையும் சுருக்காதீர்கள். பத்து வாசல் இருந்தால் ஐந்து வாசலாகக் குறையுங்கள், ஒவ்வொரு வாசலின் அளவை மட்டும் தொடாமல் விடுங்கள். நம் 2 சென்டிமீட்டர் ஆள் வாசலில் சரியாகப் பொருந்தினால் கட்டடத்தின் நீளத்தை யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை.

வெள்ளோட்டம்

நல்ல அட்டையில் கத்தி வைப்பதற்கு முன்னால், தானியப் பெட்டி அட்டை போன்ற வீணாகப் போகும் ஒன்றில் நான்கு சுவரையும் கூரையையும் வெட்டி, டேப் ஒட்டி நிறுத்துங்கள். பத்து நிமிட வேலை. அதைத் தண்டவாளத்தின் ஓரம் வைத்து, உங்களிடம் உள்ள மிக நீளமான பெட்டியை மெதுவாகத் தள்ளிப் பாருங்கள். வளைவில் பெட்டியின் நடுப்பகுதி உள்பக்கமாகவும் முனைகள் வெளிப்பக்கமாகவும் பிதுங்கும். நேர்பாதையில் தாராளமாகத் தெரிந்த இடைவெளி வளைவில் காணாமல் போயிருக்கும். கட்டடத்தை ஒட்டிய பிறகு இது தெரிய வந்தால் இடிப்பதைத் தவிர வழி இல்லை.

சுவர்

அட்டை, பிளாஸ்டிக் தகடு, லேசரில் வெட்டிய மரம் என்று பல வழிகள் இருக்கின்றன. நான் புதியவர்களுக்கு அட்டையைத்தான் சொல்வேன். அட்டை மட்டமான பொருள் என்று நினைக்க வேண்டாம். இங்கிலாந்தில் ஆக்ஸ்ஃபோர்ட்ஷயரில் உள்ள பெண்டன் அருங்காட்சியகத்தை ராய் இங்லாண்ட் என்பவர் தொடங்கினார். 1930-களின் கிராமப்புறத்தை 76-இல் ஒரு பங்கு அளவில் காட்டும் அந்த வீடுகள் அட்டையிலும் வாட்டர் கலரிலும் பிறந்தவை. பல பத்தாண்டுகள் கழித்தும் மக்கள் அவற்றின் முன்னால் குனிந்து நின்று பார்க்கிறார்கள்.

தேவையானவை: 1 முதல் 1.5 மில்லிமீட்டர் தடிமனுள்ள கெட்டி அட்டை, ஸ்டீல் ஸ்கேல், மாற்று பிளேடு உள்ள கத்தி, வெட்டுவதற்கு அடியில் போடும் பாய், வெள்ளைப் பசை, சின்ன மூலைமட்டம். பிளேடை மட்டும் கஞ்சத்தனம் பார்க்காமல் மாற்றுங்கள். மழுங்கிய பிளேடு அட்டையை வெட்டாமல் கிழிக்கும், ஓரத்தில் பஞ்சு மாதிரி இழை நிற்கும். கண்ணுக்குத் தெரியாத அந்த இழை படத்தில் பூதாகரமாகத் தெரியும்.

வெட்டும் வரிசை முக்கியம். முதலில் ஜன்னல், கதவுத் திறப்புகள். சுவரின் வெளி ஓரம் கடைசியில். அட்டை பெரிதாக இருக்கும்போது கையில் நன்றாகப் பிடிபடும் என்பதுதான் காரணம். ஒரே அழுத்தில் வெட்ட முயலாதீர்கள். முதல் இழுப்பு கோடு போடுவதற்கு மட்டும். அப்புறம் அதே தடத்தில் மெதுவாக நாலைந்து இழுப்பு. ஜன்னல் மூலைகளில் கத்தியை ஒவ்வொரு மூலையிலிருந்தும் தொடங்கி நடுவை நோக்கி இழுங்கள். மூலையைத் தாண்டி வெட்டுக்காயம் விழாது.

இப்போது தடிமன். முதல் மாடல்கள் பொம்மைபோலத் தெரிவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம் என்பதால் கொஞ்சம் நிறுத்திச் சொல்கிறேன். ஏதாவது ஒரு செங்கல் கட்டடத்தின் முன் நின்று ஜன்னலைப் பாருங்கள். கண்ணாடி சுவரின் முகத்தோடு ஒட்டி இருக்காது, உள்வாங்கி இருக்கும். மேல் விளிம்பின் நிழல் கண்ணாடியின்மேல் ஒரு பட்டையாக விழும். 23 சென்டிமீட்டர் தடிமனுள்ள சுவர் எச்ஓ அளவில் 2.6 மில்லிமீட்டர். ஒற்றை அட்டையின் பின்னால் கண்ணாடியை ஒட்டினால் அந்த ஆழமும் நிழலும் வராது. அதனால் 1.5 மில்லிமீட்டர் அட்டை ஒன்றும் 1 மில்லிமீட்டர் அட்டை ஒன்றுமாக இரண்டு அடுக்கு ஒட்டுங்கள். உள் அடுக்கில் திறப்பை எல்லாப் பக்கமும் ஒரு மில்லிமீட்டர் பெரிதாக வெட்டினால் ஜன்னல் சட்டம் போய் உட்கார ஒரு பள்ளம் தானாகவே கிடைக்கும்.

வெள்ளைப் பசையில் தண்ணீர் இருக்கிறது. அட்டை முழுவதும் பூசினால் சுவர் வில்லாக வளையும். மெல்லிய பூச்சாகத் தடவி, ஒட்டியதும் கனமான புத்தகங்களுக்கு அடியில் ஓர் இரவு விடுங்கள். சுவர்களை நிறுத்தும்போது ஒவ்வொரு மூலையின் உள்பக்கமும் சின்ன மரக்கட்டை ஒன்றை வைத்து ஒட்டி, மூலைமட்டத்தால் சரிபாருங்கள். ஒரு மூலை கோணினால் அந்தக் கோணல் கூரை ஏறும்போதுதான் முகத்தில் அறையும்.

செங்கல் மேற்பரப்புக்கு அச்சிட்ட தாள் கிடைக்கிறது, செங்கல் வடிவம் மேடுபள்ளமாக அழுத்திய பிளாஸ்டிக் தகடும் கிடைக்கிறது. தாளை ஒட்டினால் மூலையில் வெட்டி விடாமல் சுற்றி மடித்து ஒட்டுங்கள். அப்போதும் திறப்புகளைச் சுற்றி வெள்ளை ஓரம் தெரியும். அதே நிறக் கலர் பென்சிலால் அந்த ஓரங்களை ஒரு தடவை தீட்டிவிடுங்கள். இரண்டே நிமிட வேலை, செய்யாமல் விட்டால் அந்த வெள்ளைக் கோடு ஒவ்வொரு படத்திலும் கத்தும்.

கண்ணாடிக்குத் தெளிவான பேக்கிங் பிளாஸ்டிக் போதும். அதைச் சூப்பர் குளூவால் மட்டும் ஒட்டாதீர்கள். அதன் ஆவி பட்டுக் கண்ணாடி பனிபடர்ந்ததுபோல் வெளுத்துவிடும். வெள்ளைப் பசை ஒரு துளி போதும், காய்ந்தால் தெளிவாகிவிடும். பின்னால் ஒரு கறுப்பு அட்டையைக் குறுக்காக வைத்தால் ஒரு ஜன்னல் வழியாகப் பார்த்து மறுபக்க ஜன்னலில் பலகை தெரியும் கோளாறு வராது.

கூரை

நாம் மாடலை மேலிருந்து பார்க்கிறோம். அதனால் கட்டடத்தில் அதிகம் பார்க்கப்படுவது கூரைதான். ஆனால் சுவரில் களைத்துப்போய்க் கூரையை அவசரமாக முடிப்பவர்கள்தான் அதிகம்.

ஓட்டுக் கூரைக்குச் சாதாரணத் தாளை 3 மில்லிமீட்டர் அகலப் பட்டைகளாக வெட்டி, கீழ் ஓரத்தில் ஓட்டின் அகலத்துக்குச் சின்னச் சின்ன வெட்டுகள் போடுங்கள். முதல் பட்டையைக் கூரையின் கீழ் ஓரத்தில் ஒட்டி, அடுத்ததைப் பாதி மேலே ஏற்றி, வெட்டுகள் அரை ஓடு தள்ளி வருமாறு ஒட்டிக்கொண்டே முகடுவரை போங்கள். உண்மைக் கூரையிலும் ஓடு கீழிருந்து மேலேதான் ஏறும், தண்ணீர் உள்ளே இறங்காமல் இருக்க. அங்கங்கே ஓர் ஓட்டைக் கொஞ்சம் நழுவியதுபோல் வைக்கலாம், ஒரு சரிவுக்கு ஒன்றிரண்டு போதும். நெளிதகரக் கூரை என்றால் கெட்டியான அலுமினியத் தாளை நெளிவுள்ள ஏதாவது ஒன்றின்மேல் வைத்து அழுத்திச் செய்யலாம். உண்மைத் தகரத்தின் நெளிவு 76 மில்லிமீட்டருக்கு ஒன்று என்றால் எச்ஓ அளவில் ஒரு மில்லிமீட்டருக்கும் கீழே வரும். அதனால் நெளிவு எவ்வளவு நுணுக்கமோ அவ்வளவு நல்லது. கூரையின் ஓரம் மெல்லியதாகத் தெரிய வேண்டும். கெட்டி அட்டை ஓரம் தெரிந்தால் கட்டடத்துக்குப் பெட்டி மூடி போட்டதுபோல் இருக்கும்.

நிறம், அழுக்கு, மண்

பளபளப்பு வேண்டாம், எல்லாம் மேட் பெயின்ட். டப்பாவிலிருந்து எடுத்த நிறத்தை அப்படியே பூசினால் சின்னக் கட்டடத்தில் அது அடர்த்தியாகத் தெரியும். தூரத்துப் பொருட்களைக் காற்று வெளுத்துக் காட்டும், நாமோ மாடலைத் தூரத்துக் கட்டடமாகத்தான் மனதில் பார்க்கிறோம். அதனால் ஒவ்வொரு நிறத்திலும் கொஞ்சம் வெளிர் சாம்பல் கலந்துகொள்ளுங்கள். சுத்தக் கறுப்பும் சுத்த வெள்ளையும் எங்கேயும் வேண்டாம்.

மேடுபள்ளமுள்ள செங்கல் தகட்டில் சாந்துக் கோடுகளை வரைய முடியாது. செங்கல் நிறம் நன்றாகக் காய்ந்ததும் வெளிர்சாம்பல் அக்ரிலிக்கை நிறையத் தண்ணீரில் கரைத்துச் சுவர்மேல் ஓடவிட்டு, ஈரமாக இருக்கும்போதே துணியால் மேற்பரப்பைத் துடைத்து எடுங்கள். பள்ளத்தில் இறங்கியது அங்கேயே தங்கிவிடும். முதல் தடவை சாந்துக் கோடுகள் ஒவ்வொன்றாகத் தெளிந்து வருவதைப் பார்க்கும்போது கிடைக்கும் சந்தோஷத்துக்கு ஈடு இல்லை.

அடுத்தது அழுக்கு. கலிஃபோர்னியாவைச் சேர்ந்த ஜான் ஆலன், தொழிலால் புகைப்படக்காரர். வெயிலும் மழையும் புகையும் பட்ட கட்டடங்களை மாடலில் காட்டுவதைப் பலருக்கும் பழக்கியவர்களில் முக்கியமானவர். 1973-இல் அவர் இறந்தார். அவர் கட்டிய மாடல் ரயில் உலகமும் சில நாட்களிலேயே தீயில் போனது. அவர் எடுத்த படங்கள் மட்டும் நிலைத்துவிட்டன. அழுக்கை எங்கே வைப்பது என்பதற்குத் தண்ணீரையும் புகையையும் யோசித்தால் போதும். ஜன்னலின் கீழ் விளிம்பு முடியும் இரண்டு முனைகளிலிருந்து மழைநீர்க் கோடு இறங்கும். சுவரின் அடியில் சேறு தெறித்த பட்டை இருக்கும். நீராவி இன்ஜின் நிற்கும் இடத்துக்கு மேல் கரி படியும். சாக் பாஸ்டல் குச்சியைச் சுரண்டிய தூளை உலர்ந்த தூரிகையால் மேலிருந்து கீழாக இழுத்தால் இதெல்லாம் வந்துவிடும். தூள் உதிராமல் இருக்க மேட் வார்னிஷ் ஒரு மெல்லிய பூச்சு. அதில் தூள் கொஞ்சம் மங்கிவிடும் என்பதால் ஒரு சுற்று அதிகமாகவே போட்டுக்கொள்ளுங்கள்.

உள்ளே விளக்கு வைக்க விரும்பினால் கூரையை ஒட்டுவதற்கு முன்னால் செய்துவிடுங்கள். சுவரின் உள்பக்கம் முழுவதும் கறுப்பு பெயின்ட் பூசாவிட்டால் வெளிச்சம் அட்டை வழியாகவே கசியும், கட்டடம் காகித விளக்காகிவிடும். 12 வோல்ட் டிசி சப்ளையில் ஒரு வெள்ளை எல்இடியோடு ஒரு கிலோ ஓம் ரெசிஸ்டர் போட்டால் சுமார் 9 மில்லிஆம்பியர் ஓடும். சின்ன அறைக்கு அதுவே சில சமயம் அதிகம்.

முடிந்த கட்டடத்தைப் பலகைமேல் சும்மா வைக்காதீர்கள். அடியில் ஒரு மயிரிழை இடைவெளி இருந்தாலும் கட்டடம் மிதக்கும். அடித்தளத்தைத் தரையில் ஒரு மில்லிமீட்டர் புதைத்து, சுவரோரம் சலித்த மண்தூளையும் கொஞ்சம் புல்லையும் ஒட்டுங்கள்.

கேமராவைக் கீழே இறக்குங்கள்

புதியவர்கள் எடுக்கும் படங்கள் பெரும்பாலும் நின்றபடி, மேலிருந்து கீழே பார்த்து எடுத்தவை. நம் ஆளின் கணக்கில் அது 60 மீட்டர் உயரத்திலிருந்து பார்ப்பதற்குச் சமம். அவருடைய கண் தரையிலிருந்து 18 மில்லிமீட்டரில் இருக்கிறது. லென்ஸ் அங்கே வர வேண்டும். போனைத் தலைகீழாகத் திருப்பிப் பலகைமேல் நிறுத்துங்கள். பெரும்பாலான போன்களில் லென்ஸ் மேல் ஓரத்தில் இருப்பதால் அது ஏறக்குறைய அந்த உயரத்துக்கே வந்துவிடும்.

தூரமும் அதே கணக்குதான். ஒரு கட்டடத்தை 10 மீட்டர் தள்ளி நின்று பார்க்கும்போது அது எப்படித் தெரியுமோ அப்படியே மாடல் தெரிய வேண்டுமென்றால், லென்ஸ் 11.5 சென்டிமீட்டர் தள்ளி இருக்க வேண்டும். அருகில் உள்ள மூலை பெரிதாகவும் தூரத்து மூலை சிறிதாகவும் விரியும் அந்தத் தோற்றத்தை ஜூம் தராது, தூரம்தான் தரும்.

இவ்வளவு நெருங்கினால் ஒரு தொல்லை உண்டு: ஃபோகஸ் ஆழம் சுருங்கிவிடும். கதவு தெளிவாக இருந்தால் பின் மூலை மங்கும். மங்கலான முன்னும் பின்னும் இருந்தால் நம் மூளை உடனே ‘இது சின்னப் பொருள்’ என்று முடிவுகட்டிவிடுகிறது. உண்மையான ஊரின் படத்தில் மேலும் கீழும் மங்கலாக்கினால் ஊர் பொம்மையாகத் தெரிவது இதனால்தான். நமக்கு வேண்டியது அதற்கு நேர் எதிர், முன்னிருந்து பின்வரை தெளிவு. கேமரா என்றால் லென்ஸின் திறப்பை எஃப் 16-க்குக் குறைத்து, ஒளி உணர்திறனான ஐஎஸ்ஓவை 100-இல் வைத்து, டிரைபாடில் நிறுத்தி, இரண்டு விநாடி டைமரில் எடுங்கள். அதற்கும் கீழே குறைத்துக்கொண்டே போனால் படம் முழுவதுமே மென்மையாகிவிடும். போனில் அப்படிக் குறைக்க முடியாது. போனை அசையாமல் நிறுத்தி, வெளிச்ச அளவை லாக் செய்து, மிக அருகில் இருக்கும் புள்ளியிலிருந்து மிகத் தூரத்துப் புள்ளிவரை ஃபோகஸை மாற்றி மாற்றிப் பத்துப் படம் எடுங்கள். அவற்றின் தெளிவான பகுதிகளை மட்டும் சேர்த்து ஒரே படமாக்கும் மென்பொருள்கள் இருக்கின்றன.

வெளிச்சத்துக்குச் சூரியனை மிஞ்சியது இல்லை. உலகுக்கு ஒரே சூரியன், நிழல்கள் இணையாக விழும். மேசை விளக்கைப் பக்கத்தில் வைத்தால் நிழல்கள் விசிறிபோல் விரிந்து குட்டு வெளிப்பட்டுவிடும். வீட்டுக்குள் எடுப்பதாக இருந்தால் ஒரே விளக்கு, முடிந்தவரை தூரத்தில். எதிர்ப்பக்கம் நிழல் இருளாமல் இருக்க ஒரு வெள்ளை அட்டை. ஜன்னல் வெளிச்சத்தையும் விளக்கையும் கலக்காதீர்கள், சுவரின் ஒரு பாதி நீலமாகவும் மறுபாதி மஞ்சளாகவும் போகும். ஃபிளாஷ் வேண்டவே வேண்டாம்.

கட்டடத்தைப் பலகையிலிருந்து எடுக்க முடியுமானால் காலையிலோ மாலையிலோ வெளியே ஒரு மேசைக்குக் கொண்டுபோங்கள். மைக்கேல் பால் ஸ்மித் என்ற அமெரிக்கர் 24-இல் ஒரு பங்கு அளவுள்ள கார்களையும் வீடுகளையும் இப்படித்தான் வெளியே மேசைமேல் வைத்து, பின்னால் உண்மையான மரங்களும் வீடுகளும் வருமாறு எளிய கேமராவால் எடுத்தார். நிஜத் தெரு என்று பலர் நம்பினார்கள். தொடுவானம் எப்போதும் பார்ப்பவரின் கண்மட்டத்தில்தான் இருக்கும். லென்ஸ் மாடல் மனிதரின் கண்மட்டத்துக்கு வந்துவிட்டால் தூரத்து உண்மைத் தொடுவானம் மாடலோடு தானாகவே இணைந்துகொள்ளும். மேசையின் பின் ஓரத்தை மட்டும் ஒரு வேலி, கொஞ்சம் புதர் வைத்து மறைத்தால் போதும்.

எடுப்பதற்கு முன்னால் மெல்லிய தூரிகையால் தூசி தட்டுங்கள். என் முதல் கொட்டகைப் படத்தைத் திரையில் பெரிதாக்கிப் பார்த்தபோது கூரைமேல் ஒரு கயிறு கிடந்தது. துணியிலிருந்து ஒட்டிய ஒற்றை நூலிழை அது. எச்ஓ அளவில் கட்டை விரல் பருமனுக்கு, முகட்டிலிருந்து கீழ் ஓரம்வரை வளைந்து கிடந்தது. அதே படத்தில் கதவின் அடி தரையைத் தொடவில்லை என்பதும் தெரிந்தது. ஒரு வாரமாக அதைக் கையில் வைத்துப் பார்த்தும் என் கண்ணில் படவில்லை. அன்றிலிருந்து முடிந்த பிறகு மட்டும் படமெடுப்பதை விட்டுவிட்டேன். சுவர் நின்றதும் ஒன்று, கூரை ஏறியதும் ஒன்று, பெயின்ட் காய்ந்ததும் ஒன்று என்று எடுத்துப் பெரிதாக்கிப் பார்க்கிறேன். திருத்த முடிகிற நேரத்திலேயே குறை தெரிந்துவிடுகிறது.

தரையில் புதைப்பதற்கு முன்னால் இன்னொன்று. கட்டடத்தின் அடியில் பென்சிலால் தேதி, அளவு, சுவருக்கு எந்த நிறத்தை எத்தனை துளி கலந்தீர்கள் என்பதை எழுதி, அதையும் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த கட்டடத்துக்கும் அதே சூளையின் செங்கல்தான் வேண்டியிருக்கும்.